மின்வில் உலோகத் தெளிப்பு: சொல்வதும் நடப்பதும்

மின்வில் உலோகத் தெளிப்பைப் பற்றிய விற்பனைத் துண்டறிக்கை எதையேனும் எடுத்துப் படித்துப் பாருங்கள். மாணவர்கள் கைமாற்றிக்கொள்ளும் பாடக் குறிப்பாயினும் சரியே. பெரும்பாலும் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வரக் காணலாம். ஒன்று, இது குளிர்ந்த முறை. பூசப்படும் பொருள் அதிகம் சூடேறுவதில்லை, கோணுவதும் இல்லை. மற்றொன்று, பல ஆயிரம் பாகை வெப்பமுள்ள மின்வில்லில் உலோகம் உருகிச் சென்று படிவதால் அது அடித்தளத்தோடு ஒன்றாகிவிடுகிறது. எனவே பிடிப்பு வெல்டிங்குக்கு நிகரானது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, துப்பாக்கியின் எடை என்ன, கம்பியின் பருமன் என்ன, மணிக்கு எத்தனை கிலோ என்று மேலே போய்விடுகிறார்கள்.

சற்று நின்று யோசியுங்கள். இவ்விரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியுமா? அடித்தளம் உருகாமல் வெல்டிங் ஏது? முதற்கூற்று மெய். இரண்டாவது பிழை. பிழை ஏட்டோடு நின்றுவிட்டால் பொறுத்துக்கொள்ளலாம். பட்டறையில் ஒரு ஷாஃப்டு முறிவதற்கும், கடலில் நிற்கும் ஓர் இரும்புச் சட்டம் அரிபடுவதற்கும் அது வழிசெய்கிறது என்பதால்தான் அதைப் பொருட்படுத்த வேண்டியிருக்கிறது.

முதலில் முறையைப் பார்த்துவிடுவோம். ஒரு துப்பாக்கியின் வழியாக இரண்டு உலோகக் கம்பிகள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்வாக வருகின்றன. பெரும்பாலும் 1.6 அல்லது 2 மி.மீ. கம்பிகள். ஒன்று நேர்மின்வாய், மற்றது எதிர்மின்வாய். முனைகள் நெருங்கும் இடத்தில் 20 முதல் 40 வோல்ட் அழுத்தத்தில் நூறு, இருநூறு ஆம்பியர் என நேர்த்திசை மின்னோட்டம் பாய்ந்து மின்வில் எழுகிறது, முனைகள் உருகுகின்றன. பின்னாலிருந்து சீறிவரும் அழுத்தக் காற்று, உருகியதைப் பிய்த்துத் துளிகளாக்கி, நொடிக்கு 100 மீட்டர் அளவான வேகத்தில் பொருளின்மேல் அறைகிறது. கம்பி கரையக் கரைய உருளைகள் அதனை ஊட்டிக்கொண்டே இருக்கின்றன. ஆக்சிஜன் கலன் வேண்டாம், அசெட்டிலீன் வேண்டாம். மின்சாரமும் காற்றும் போதும். துத்தநாகமாக இருந்தால் ஒவ்வொரு 100 ஆம்பியருக்கும் மணிக்கு ஏறத்தாழ 10 கிலோ கம்பி உருகும். சுடரைக் கொண்டு உருக்கும் பழைய முறையோடு ஒப்பிட்டால் இது மலிவு, விரைவு. இதில் துண்டறிக்கைகள் சொல்வது முழுக்கச் சரி.

இந்தக் கலையின் தந்தை சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் வாழ்ந்த மாக்ஸ் உல்ரிச் ஷோப். சிறுவர்கள் விளையாட்டுத் துப்பாக்கியால் சுவரைச் சுட்டபோது ஈயக் குண்டுகள் தட்டையாகிச் சுவரில் அப்பிக்கொண்டதைக் கண்டுதான் அவருக்கு இந்த எண்ணம் தோன்றியது என்று ஒரு கதை சொல்வதுண்டு. கதை எவ்வாறாயினும், 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் காப்புரிமைகளைப் பெறத் தொடங்கினார். சுடரில் தொடங்கியவர், இரட்டைக் கம்பி மின்வில்லுக்கும் வந்து சேர்ந்தார். ஆனால் மின்வில் முறை தொழிற்சாலைகளில் பரவலாக இடம்பிடிக்க 1960கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சீரான மின்னழுத்தம் தரும் மின்வழங்கிகளும், தடுமாறாமல் கம்பியூட்டும் பொறிகளும் அதற்குப் பிறகே நன்கு அமைந்தன.

பாடக் குறிப்புகள் வரையும் படத்தில் இரண்டு கம்பிகளும் ஒரே மாதிரி அழகாக உருகிக் கூம்பு வடிவில் தெளிக்கின்றன. உண்மையில் அங்கே ஒரு சமச்சீரின்மை உண்டு. எதிர்மின்வாயில் மின்வில் ஒரு சிறு புள்ளியில் குவிந்து நிற்கிறது. அங்கிருந்து சிறு துளிகள் பறக்கின்றன. நேர்மின்வாயிலோ அது பரந்து படிகிறது. அங்கே உருகிய உலோகம் நாக்குப்போல் நீண்டு, பெரிய துண்டங்களாகப் பிய்கிறது. போதாக்குறைக்கு, மின்வில் ஒரே நிலையில் எரிவதுமில்லை. நொடிக்குப் பல நூறு முறை குறுகியும் நீண்டும் துடித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே படியும் துளிகளில் நுண்ணியதும் உண்டு, பருத்ததும் உண்டு. காற்றில் பறக்கும்போதே மேல்தோல் ஆக்சைடாகிவிட்டவையும் உண்டு. மின்னழுத்தத்தைக் கூட்டினால் துளிகள் பெருத்து, ஆக்சைடும் மிகும். அதனால்தான் கைதேர்ந்த தெளிப்பாளர், வில் அறாமல் எரியும் மிகக் குறைந்த மின்னழுத்தத்தில் வேலை செய்கிறார். படத்தில் இல்லாத இந்தச் செய்தி, மணிக்கு எத்தனை கிலோ என்பதைவிடப் பயனுள்ளது என்பது என் கருத்து.

இனி அந்த 'ஒன்றாகிவிடும்' கதைக்கு வருவோம். காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். 10 மி.மீ. தடிப்புள்ள எஃகுத் தகடு. அதில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் 0.1 மி.மீ. துத்தநாகம் படிய வேண்டும். படியும் துத்தநாகத்தின் எடை ஏறத்தாழ 710 கிராம். துத்தநாகம் உருகுவது 420 பாகை செல்சியசில். அது உறையும்போது கிராமுக்கு 112 ஜூலும், பிறகு அறை வெப்பநிலை வரை குளிரும்போது இன்னும் 150 ஜூல் அளவும் வெளிவிடும். ஆக மொத்தம் 1,90,000 ஜூலுக்குச் சற்றுக் குறைவு. கேட்பதற்குப் பெரிதாக இருக்கிறது. ஆனால் கீழே இருக்கும் தகட்டின் எடை 78 கிலோவுக்கு மேல். அதன் வெப்பத்தை ஒரு பாகை உயர்த்தவே 36,000 ஜூல் வேண்டும். கணக்கு முடிந்தது: தகடு சராசரியாக 5 பாகை சூடேறும். துளிகளின் மிகைவெப்பத்தையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் இரண்டொரு பாகை. மின்வில்லின் பல ஆயிரம் பாகை வில்லிலேயே நின்றுவிடுகிறது. தகட்டுக்கு வந்துசேர்வது இவ்வளவே.

இதற்குச் சான்று உங்கள் வீட்டுக் கூரையிலேயே தொங்கிக்கொண்டிருக்கலாம். மின்விசிறியினுள் இருக்கும் மின்தேக்கி, மிக மெல்லிய உலோகப் படலம் ஏற்றிய பிளாஸ்டிக் தாள்களைச் சுருளாகச் சுற்றிச் செய்யப்படுவது. அந்தச் சுருளின் இரு முனைகளிலும் கம்பி இணைக்க வேண்டும். ஆனால் அந்தப் படலத்தைப் பற்றவைக்க எந்தச் சூட்டுக்கோலாலும் இயலாது. எனவே முனைகளின்மேல் உருகிய துத்தநாகத்தைத் தெளித்து, அந்தப் படிவின்மேல் கம்பியைப் பற்றவைக்கிறார்கள். உலகெங்கும் மின்தேக்கித் தொழிலில் இவ்வேலை ஷோப்பின் பெயராலேயே வழங்குகிறது. அந்தப் பிளாஸ்டிக் 165 பாகையை ஒட்டி உருகிவிடக்கூடியது. அதன்மேல் 420 பாகைக்கு மேலான துளிகள் விழுந்தும் சுருள் கெடுவதில்லை. ஒவ்வொரு துளியும் கொண்டுவரும் வெப்பம் அவ்வளவு அற்பம். அது உறைந்துபோகும் விரைவும் அவ்வளவு மிகுதி.

அப்படியானால் பூச்சை இரும்போடு பிடித்து நிறுத்துவது எது? பெரும்பகுதி இரும்பின் கரடுமுரடுதான். தெளிப்பதற்கு முன் கூரிய துகள்களைக் காற்றால் வீசி அறைந்து, பட்டறை வழக்கில் பிளாஸ்டிங் செய்து, இரும்பின் மேற்பரப்பில் 50 முதல் 100 மைக்ரான் வரை ஆழமுள்ள மேடு பள்ளங்களை உண்டாக்குகிறார்கள். துளிகள் அந்தப் பள்ளங்களில் அறைபட்டு வழிந்து, உறைந்து சுருங்கும்போது முடிச்சுப் போட்டதுபோல் பற்றிக்கொள்கின்றன. ஆங்காங்கே சில புள்ளிகளில் உலோகத்தோடு உலோகம் இணைவதும் உண்டு. நிக்கல்–அலுமினியம் போன்ற சில கலவைகளில் அது சற்று அதிகம். அதனால்தான் அவற்றை முதலில் ஓர் அடிப்பூச்சாகத் தெளிப்பது வழக்கம். ஆயினும் எண்களைப் பாருங்கள். மின்வில்லால் தெளித்த பூச்சைப் பிய்த்தெடுக்க ஒரு சதுர மி.மீ.க்குப் பொதுவாக 10 முதல் 40 நியூட்டன் விசை போதும். நல்ல வெல்டு 400க்கு மேல் தாங்கும். பத்து மடங்கு வேறுபாட்டை 'நிகர்' என்று சொல்லலாமா?

இந்தச் சொல்லை நம்பி ஒருவர் என்ன செய்துவிடுவார் என்று பாருங்கள். தேய்ந்துபோன ஒரு பம்பு ஷாஃப்டு, விட்டம் 50 மி.மீ. பூச்சுக்கு இடம் வேண்டுமென்று தேய்ந்த இடத்தை லேத்தில் 48 மி.மீ. ஆகக் கடைந்து, எஃகைத் தெளித்து நிரப்பி, மீண்டும் 50க்குக் கடைந்து கொடுக்கிறார்கள். அளவு சரி, மினுமினுப்பும் சரி. ஆனால் வளைவையும் முறுக்கையும் தாங்கும் திறன் விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. 48ஐ 50ஆல் வகுத்து மும்மடியாக்கினால் 0.885. அஃதாவது, ஷாஃப்டு தன் பலத்தில் ஒன்பதில் ஒரு பங்கை இழந்துவிட்டது. தெளித்த உலோகம் அதனை மீட்டுத் தராது. தேய்மானத்தை மட்டும் தாங்கும். பேரிங்கு உட்காரும் இடம், பேக்கிங் உராயும் இடம் என்றால் இந்த வேலை அருமையானது. புதிய ஷாஃப்டின் விலையில் சிறு பகுதியில் பொறி மீண்டும் ஓடும். சாவிப் பள்ளத்தின் விளிம்பு, பற்சக்கரத்தின் பல், மரை என்றால் வேண்டவே வேண்டாம். ஒரே புள்ளியில் இடி விழும் இடத்தில் பூச்சு தகடாகப் பெயர்ந்து வரும். தடிப்பாகத் தெளித்தால் வலுக்கூடும் என்று எண்ணுவதும் தவறு. ஒவ்வொரு துளியும் உறைந்து சுருங்கும்போது ஓர் இழுவிசையை விட்டுச்செல்கிறது. படிவு தடிக்கத் தடிக்க அவ்விழுவிசை சேர்ந்து, ஓரங்களில் பூச்சைத் தானே தூக்கிவிடும்.

அடுத்து நுண்துளைகள். துளிகள் அடுக்கடுக்காக அப்பி உறைவதால் அவற்றிடையே இடைவெளிகள் எஞ்சும். மின்வில் பூச்சின் பருமனில் 100க்கு 5 முதல் 15 பங்கு வரை வெற்றிடம் இருப்பது வழக்கம். போட்டி முறைகளை விற்பவர்கள் இதையே பெருங்குறையாகக் காட்டுவார்கள். மின்வில் தரப்பினர் இதைப் பற்றிப் பேசாமலே விட்டுவிடுவார்கள். இரு தரப்பும் நியாயம் செய்யவில்லை. துளை குறையா நிறையா என்பது பூச்சின் வேலையைப் பொறுத்தது. ஜெர்மனியின் மெர்சிடிஸ் நிறுவனம் 2006 முதல் தன் சில எஞ்சின்களின் அலுமினிய உருளைகளின் உட்சுவரில் இரட்டைக் கம்பி மின்வில்லால் இரும்புக் கலவையைத் தெளித்து வருகிறது. தேய்த்து மெருகிட்ட பிறகு நிற்பது 0.1 முதல் 0.15 மி.மீ. பூச்சுதான். அங்கே நுண்துளைகள் எண்ணெயைப் பிடித்துவைக்கும் கிண்ணங்கள். அவை இல்லாவிட்டால்தான் தொல்லை. நேர்மாறாக, அமிலம் நிற்கும் தொட்டியில் துருவேறா எஃகைத் தெளித்துவிட்டு, துருவேறா எஃகுத் தொட்டி கிடைத்துவிட்டது என்று நினைப்பவர் ஏமாந்துபோவார். அமிலம் துளை வழியே இறங்கி அடியிரும்பைத் தின்னும்; மேலே பூச்சு பளபளவென்று நிற்கும்.

துத்தநாகமும் அலுமினியமும் தனி வகை. இவை இரும்பைவிட எளிதில் அரிபடும் உலோகங்கள். ஈரம் துளைக்குள் புகுந்தால் இவை தாம் கரைந்து இரும்பைக் காக்கின்றன. கரைந்து உண்டாகும் உப்புகளே மெல்ல மெல்லத் துளைகளை அடைத்தும்விடுகின்றன. இதற்கு மிகச் சிறந்த சான்று அமெரிக்க வெல்டிங் சங்கம் 1953இல் தொடங்கி 1974இல் அறிக்கை வெளியிட்ட 19 ஆண்டுச் சோதனை. பூசிய எஃகுத் தகடுகளைக் கடல்நீரிலும், கடற்கரைக் காற்றிலும், தொழிற்சாலைப் புகையிலும் ஆண்டுக்கணக்கில் போட்டுவைத்துப் பார்த்தார்கள். 0.08 முதல் 0.15 மி.மீ. வரையிலான அலுமினியப் பூச்சு, துளையடைப்பு செய்திருந்தாலும் செய்யாவிட்டாலும், 19 ஆண்டுகளுக்கு இரும்பை முழுமையாகக் காத்தது. துத்தநாகமோ, துளையடைக்காமல் கடல்நீரில் நிற்க வேண்டுமானால், 0.3 மி.மீ. தடிப்பு வேண்டியிருந்தது. இவ்வளவு நீண்ட சோதனைக்குப் பொறுமை காட்டிய தொழில்கள் அதிகமில்லை.

ஆனால் இந்தச் சோதனையை மின்வில் விற்பனையாளர்கள் எடுத்துக்காட்டும்போது ஒரு சொல் விட்டுப்போகிறது. அங்கே சோதிக்கப்பட்டவை சுடரால் தெளித்த பூச்சுகள். மின்வில்லால் தெளித்தவை அல்ல. அறிக்கையின் தலைப்பிலேயே அது இருக்கிறது. இந்தக் கடன்வாங்கல் பெருங்குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். காவல் செய்வது உலோகத்தின் வேதியியலும் பூச்சின் தடிப்பும்; அவை இரு முறைக்கும் பொது. பிடிப்பில் மின்வில் பூச்சு சுடர்ப் பூச்சை மிஞ்சவே செய்கிறது. இருந்தாலும் அதன் மேற்பரப்பு சற்று முரடு. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் தடிப்பு வேறுபடும். 0.08 மி.மீ. போதும் என்று சுடர்ச் சோதனையைக் காட்டி மின்வில் வேலைக்கு விலைப்புள்ளி கொடுப்பது கஞ்சத்தனம். இந்திய இரயில்வேயின் எஃகுப் பாலங்களுக்கான 2001ஆம் ஆண்டு விதிநூல் அலுமினியத் தெளிப்புக்கு 150 மைக்ரான் பெயரளவுத் தடிப்பு கேட்பதோடு, எந்த இடத்திலும் 110க்குக் குறையக்கூடாது என்றும் சொல்கிறது. சராசரியை மட்டும் கேட்காமல் மிகக் குறைந்த அளவையும் கட்டிவைத்தது அறிவுள்ள செயல்.

இனி, 'இரட்டைக் காவல்'. உலோகத்தைத் தெளித்து, அதன்மேல் தடிப்பாகப் பெயின்டும் அடித்துவிட்டால் இரு மடங்கு பாதுகாப்பு என்பது கேட்டவுடன் ஒத்துக்கொள்ளத் தோன்றும் வாதம். காற்றில் நிற்கும் பாலத்துக்கு இது பொருந்தும். நார்வே நாட்டுச் சாலைப் பாலங்களில் 1960களின் நடுவிலிருந்து துத்தநாகத் தெளிப்பும் அதன்மேல் பெயின்டுமாகச் செய்து, பல பத்தாண்டுகள் நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். ஆனால் அதே வடகடலில் எண்ணெய்க் கிணற்று மேடைகளில், அலையடிபடும் பகுதிகளில், அலுமினியத்தின்மேல் தடித்த பெயின்டு அடித்தபோது சில ஆண்டுகளிலேயே கொப்புளங்கள் கிளம்பின. பெயின்டு இல்லாமல் விட்டிருந்தால் நன்றாக நின்றிருக்கக்கூடிய அலுமினியம், பெயின்டின் அடியில் வெள்ளைப் பொடியாகிக் கிடந்தது.

காரணம் சுவையானது. பெயின்டில் ஒரு கீறல் விழுந்து இரும்பு வரை வெளிப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரும்பைக் காக்க அலுமினியம் கரைய வேண்டும். பெயின்டு இல்லாத பூச்சில், சுற்றிலும் உள்ள பரந்த அலுமினியப் பரப்பு முழுவதும் அந்தச் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும். எங்கும் நோவு தெரியாது. பெயின்டு அடித்திருந்தாலோ, கீறலின் விளிம்பில் தெரியும் மெல்லிய கோடளவு அலுமினியம் மட்டுமே அத்தனை சுமையையும் ஏற்கிறது. கரைந்த அலுமினியம் பெயின்டுக்கு அடியில் உள்ள குறுகிய சந்தில் வெளியேற வழியின்றித் தேங்கி, நீரோடு வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்குகிறது. கடலின் குளோரைடும் அங்கே வந்து சேர்கிறது. அலுமினியத்தைக் காத்துவந்த ஆக்சைடுத் தோல் அந்த அமிலத்தில் நிற்பதில்லை. அரிப்பு பெயின்டின் அடியிலேயே பரவிச் செல்கிறது. இந்த அனுபவத்துக்குப் பிறகு நார்வேயின் கடல்தொழில் தரநூல், அலுமினியத் தெளிப்பின்மேல் துளைகளுக்குள் ஊறி இறங்கும் மெல்லிய அடைபூச்சை மட்டுமே வேண்டுகிறது. கீழே உள்ள உலோகம் எது, சுற்றிலும் இருப்பது காற்றா கடல்நீரா என்று கேளாமல் 'மேலே ஒரு கோட்டு பெயின்டும் அடித்துவிடு' என்று சொல்லும் வழக்கத்துக்குக் கிடைத்த பாடம் அது.

துண்டறிக்கைகளில் மிகக் குறைந்த இடம் பெறுவது எதுவோ அதிலேதான் வேலையின் வெற்றி இருக்கிறது. அது பிளாஸ்டிங். பிடிப்பெல்லாம் கரடுமுரடால் வருவது என்று கண்டோம். ஆகவே துரு, எண்ணெய், பழைய பெயின்டு எதுவும் எஞ்சாமல் இரும்பு வெளிறித் தெரியும் வரை அறைய வேண்டும். அறைந்த இரும்பைக் காத்திருக்க வைக்கவும் கூடாது. நான்கு மணி நேரத்துக்குள் தெளித்துவிட வேண்டும் என்பது பொது விதி. இரும்பின் வெப்பநிலை பனிபடியும் நிலைக்கு மேல் 3 பாகையாவது இருக்க வேண்டும். நம் கடற்கரையோரப் பட்டறைகளில் மாலை மயங்கும் வேளையில் இந்த விதி எளிதில் மீறப்படும். கண்ணுக்குத் தெரியாத ஈரம் படர்ந்த இரும்பின்மேல் அழகான பூச்சு ஏறும். தடிப்பை அளக்கும் காந்தக் கருவி அதற்கு முழு மதிப்பெண் கொடுக்கும். அக்கருவிக்குத் தடிப்பு தெரியும், பிடிப்பு தெரியாது. ஆகவே அதே நேரத்தில், அதே கையால் ஒரு சிறு தகட்டிலும் தெளித்து, அதை வளைத்தோ பிய்த்தோ பார்ப்பதே நம்பத்தகுந்த சோதனை. வேலை கொடுப்பவர் இந்தத் தகட்டைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்டால் முகம் சுளிப்பவரிடம் வேலை கொடாதிருப்பது நலம்.

பிளாஸ்டிங்குக்கு மலிவான துகள் ஆற்று மணல். அதுவே மிகக் கொடியதும்கூட. இரும்பில் மோதித் தூளாகும் மணலின் சிலிக்கா நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. சிலிக்கோசிஸ் என்னும் தீராத நோயில் முடியும். இங்கிலாந்து 1949இலேயே பிளாஸ்டிங்குக்கு மணலைத் தடைசெய்தது; நம் நாட்டிலும் பல மாநிலங்களின் தொழிற்சாலை விதிகளில் அத்தடை உண்டு. எஃகுக் கூர்துகளோ அலுமினிய ஆக்சைடோ விலை கூடுதல்தான். ஆனால் மூடிய அறையில் வீசிச் சேர்த்தெடுத்தால் எஃகுத் துகளைப் பல முறை திரும்பப் பயன்படுத்தலாம் என்பதைக் கணக்கில் சேர்ப்பவர் குறைவு. தெளிக்கும் இடத்திலும் புகை உண்டு. துத்தநாகப் புகையை மூச்சிழுத்தவருக்கு மாலையில் குளிர்காய்ச்சல் வந்து ஓரிரு நாளில் தணியும். குரோமியம் கலந்த எஃகுக் கம்பியின் புகையோ புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடியது. இதோடு மின்வில்லின் புற ஊதா ஒளி, காதைப் பிளக்கும் இரைச்சல். எனவே தலைமுழுதும் மூடி உள்ளே நல்ல காற்று வரும் கவசம் கட்டாயம். அந்தக் காற்றைப் பட்டறையின் கம்ப்ரசரிலிருந்தே எடுப்பார்கள். அப்போது இடையில் எண்ணெயையும் ஈரத்தையும் பிரிக்கும் வடிகட்டி இருந்தாக வேண்டும். அந்த வடிகட்டி பழுதானால் எண்ணெய் கலந்த காற்று கவசத்துக்குள் தொழிலாளியின் மூச்சில் கலக்கும். அதே குழாயின் மறுகிளை வழியாகப் பிளாஸ்டிங் செய்த இரும்பின்மேலும் படியும். அந்த இடத்தில் பூச்சு பிடிக்காது.